ஆள் போகலாம், சக்தி கூடப் போகுமா? காஸ்மியர் உலகங்களுக்கு இடையே நடக்கும் பயணம்

கேள்வி இதுதான்: "பிராண்டன் சாண்டர்சனின் காஸ்மியர் கதைகளில் சிலர் ஒரு கிரகத்திலிருந்து இன்னொரு கிரகத்துக்கு நடந்தே போகிறார்கள். அப்படியென்றால் ரோஷாரின் வீரர்கள் தங்கள் புயல் ஒளியை மூட்டை கட்டிக்கொண்டு வேறு உலகத்துக்குப் போய் ஏன் பறக்கவில்லை? எலான்ட்ரிஸ்காரர்களின் மந்திரம் மட்டும் ஏன் ஊர் எல்லை தாண்டினால் சோர்ந்துவிடுகிறது? இதற்கெல்லாம் ஒரே விதியா, இல்லை கதைக்குக் கதை மாறுகிறதா?"

ஒரே விதிதான். காஸ்மியர் என்பது அமெரிக்க எழுத்தாளர் சாண்டர்சன் தன் பல கற்பனை நாவல்களை நடத்தும் ஒரே பிரபஞ்சம். ரோஷார், ஸ்காட்ரியல், நல்திஸ், செல் எல்லாம் அதில் உள்ள கிரகங்கள். எலான்ட்ரிஸ், செல்லில் இருக்கும் மந்திர நகரம். ஆனால் அந்த விதியை அவர் எந்த ஒரு புத்தகத்திலும் முழுதாகச் சொல்லவில்லை. துண்டு துண்டாகப் பத்துப் பதினைந்து புத்தகங்களில் கிடக்கிறது. நான் புரிந்துகொண்ட வரை கோர்த்துச் சொல்கிறேன். கதைத் திருப்பங்கள் சில வெளிப்படும். ரோஷாரில் நடக்கும் தொடரின் நான்காம் நாவலான 'ரிதம் ஆஃப் வார்' வரை படிக்காதவர்கள் யோசித்துவிட்டு மேலே படியுங்கள்.

இந்தப் பிரபஞ்சத்தில் மந்திரமும் பயணமும் இரண்டு தனித்தனி விஷயங்கள் இல்லை. சக்தி ஒவ்வொரு மண்ணோடும் கட்டப்பட்டிருக்கிறது. ஆள் எல்லை தாண்டலாம், அவனுடைய சக்தி தாண்டுமா என்பதுதான் ஒவ்வொரு கதையிலும் உள்ளே ஓடும் கேள்வி. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

முதலில் அடிப்படை. அடோனால்சியம் என்ற ஒரு பெரும் சக்தி இருந்தது. யோலன் என்ற உலகத்தில் பதினாறு பேர் சேர்ந்து அதை உடைத்தார்கள். உடைந்த பதினாறு துண்டுகளையும் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு, வெவ்வேறு உலகங்களில் குடியேறினார்கள். அழிவு, காப்பு, மானம், வெறுப்பு, பக்தி என்று ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு குணம். ஷார்ட் என்று சொல்வது இந்தத் துண்டுகளைத்தான். ஒரு ஷார்ட் எங்கே குடியிருக்கிறதோ அந்த மண்ணில் அதன் சக்தி ஊறிக் கிடக்கிறது. அந்தச் சக்தியின் பொதுப் பெயர் இன்வெஸ்டிச்சர். ரோஷாரில் புயல் ஒளி, நல்திஸில் மூச்சு, ஸ்காட்ரியலில் உலோகம் விழுங்கிப் பெறும் அலோமன்ஸி எல்லாம் இதன் வெவ்வேறு முகங்கள்.

அடுத்தது மூன்று தளங்கள். நாம் கையால் தொடுகிற பொருள் தளம் ஒன்று. எண்ணங்களின் தளம் இரண்டாவது. அதைத்தான் ஷேட்ஸ்மார் என்கிறார்கள். மூன்றாவது ஆன்மத் தளம். அங்கே இடமும் இல்லை, தூரமும் இல்லை. ஒரு பொருளோ மனிதனோ மூன்று தளத்திலும் ஒரே நேரத்தில் இருக்கிறார்கள். மூன்றாவதில் தூரம் இல்லை என்பதை நினைவில் வையுங்கள், பின்னால் வேலைக்கு வரும்.

ஷேட்ஸ்மாரைப் பற்றி கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன், எனக்கு இந்தக் கதைகளில் மிகவும் பிடித்த இடம் அதுதான். ரோஷாருக்கு நேரான பகுதியில் எல்லாம் தலைகீழ். இங்கே நிலம் இருக்கும் இடத்தில் அங்கே கடல். தண்ணீர்க் கடல் இல்லை, கண்ணாடி மணிகளின் கடல். இங்கே கடல் இருக்கும் இடத்தில் அங்கே கறுப்புப் பாறைத் தரை. ஒவ்வொரு மணியும் பொருள் உலகில் உள்ள ஏதோ ஒன்றின் எண்ணம். ஒரு மணியைக் கையில் எடுத்தால் அது கதவா, கிண்ணமா, சுவரா என்று தெரிகிறது. மனிதர்கள் அங்கே சின்னச் சுடர்களாக அந்தரத்தில் மிதக்கிறார்கள்.

பொருளுக்கு எண்ணம் இருக்கிறது என்பது வெறும் அலங்காரம் இல்லை, விதி. ரோஷார் தொடரின் 'வேர்ட்ஸ் ஆஃப் ரேடியன்ஸ்' நாவலில், ஒரு பொருளை வேறொன்றாக மாற்றும் ஆற்றல் கொண்ட ஷல்லான் என்ற பெண் போகும் கப்பல் தாக்கப்படுகிறது. அவள் அந்தக் கப்பலிடமே பேசி, அதைத் தண்ணீராக மாறச் சம்மதிக்க வைக்கிறாள். கப்பல் ஒத்துக்கொள்கிறது. பிறகு கரையில், குளிரில் நடுங்கிக்கொண்டு, ஒரு குச்சியிடம் தீயாக மாறும்படி கெஞ்சுகிறாள். குச்சி மசியவே இல்லை. தான் குச்சி என்பதில் அதற்கு அவ்வளவு உறுதி. காலம் காலமாக மாலுமிகள் பெயர் வைத்து, பேசி, நேசித்த கப்பலுக்கு ஓர் ஆளுமை வந்துவிட்டது. யாரும் கவனிக்காத குச்சிக்குத் தன்னைத் தவிர வேறு எதுவும் தெரியாது. இதைப் பலர் சிரித்துவிட்டுத் தாண்டிப்போகிறார்கள். என்னைக் கேட்டால் காஸ்மியரின் இயற்பியல் முழுவதும் அந்தக் குச்சிக்குள் இருக்கிறது.

ஏனென்றால் பயணமும் அதே விதிப்படிதான். எண்ணத் தளத்தில் நினைக்க யாராவது இருந்தால்தான் இடத்துக்கு விரிவு உண்டு. கிரகங்களுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தில் மனிதன் இல்லை, மரம் இல்லை, அதைப் பற்றி நினைக்க எவருமே இல்லை. அதனால் ஷேட்ஸ்மாரில் அந்தத் தூரம் சுருங்கிக் கிடக்கிறது. பொருள் தளத்தில் எட்டவே முடியாத நட்சத்திரத்துக்கு, அந்தத் தளத்தில் கால்நடையாகவே போய்ச் சேரலாம். இப்படி உலகம் விட்டு உலகம் போகிறவர்களை ரசிகர்கள் வேர்ல்ட்ஹாப்பர் என்கிறார்கள். 'எலான்ட்ரிஸ்' நாவலில் பிச்சைக்காரனாக, ஸ்காட்ரியலில் நடக்கும் 'மிஸ்ட்பார்ன்' நாவலில் துப்புச் சொல்பவனாக, நல்திஸில் நடக்கும் 'வார்பிரேக்கர்' நாவலில் கதைசொல்லியாக, ரோஷாரில் அரசவை விதூஷகனாக ஒரே ஆள் வருகிறானே, ஹாய்ட், அவன்தான் இதில் மூத்தவன். 2005-இல் எலான்ட்ரிஸ் வந்தபோது படித்தவர்கள் அந்தப் பிச்சைக்காரனை யாரென்று கண்டுகொண்டிருக்க வாய்ப்பே இல்லை. அடுத்தடுத்த புத்தகங்களில் அதே பெயர் திரும்பத் திரும்ப வந்தபோதுதான் இவை எல்லாம் ஒரே வானத்தின் கீழ் நடக்கும் கதைகள் என்று வெளிச்சமானது.

சரி, ஷேட்ஸ்மாருக்குள் எப்படி இறங்குவது? ஏராளமான இன்வெஸ்டிச்சர் ஓரிடத்தில் குவிந்தால் அந்த இடத்தில் மூன்று தளங்களும் ஒன்றோடொன்று கிள்ளிப் பிடித்ததுபோல ஒட்டிக்கொள்கின்றன. அதற்குப் பெயர் பெர்பெண்டிகுலாரிட்டி. பெரும்பாலும் ஒரு குளமாகத் தெரியும். ஸ்காட்ரியலின் 'வெல் ஆஃப் அசென்ஷன்' அப்படி ஒன்று. ரோஷாரில் ஹார்ன்ஈட்டர் மலைச் சிகரங்களில் ஒன்று இருக்கிறது. அந்த மலைக்காரனான ராக், குளத்துக்குள்ளிருந்து ஓர் அந்நியர் ஏறி வந்த கதையைப் படைவீரன் காலடினிடம் சொல்லும்போது அதைத் தெய்வக் கதையாகத்தான் சொல்கிறான். கேட்கிற நமக்கு அது ஒரு பயணியின் வருகை என்று புரியும். மானம் என்ற ஷார்டின் பெர்பெண்டிகுலாரிட்டி மட்டும் ஓரிடத்தில் நிற்பதில்லை. ரோஷார் தொடரின் மூன்றாம் நாவலான 'ஓத்பிரிங்கர்' முடிவில் படைத் தலைவன் டலினார் அதைத் தன் கையாலேயே திறக்கிறான். வேறு வழிகளும் உண்டு. ஜாஸ்னா போன்ற, எல்ஸ்காலர்கள் எனும் பிரிவினர் தங்கள் ஆற்றலாலேயே உள்ளே போக முடியும்.

இப்போது கேள்வியின் முதல் பகுதிக்கு வருகிறேன். வழி இருக்கிறது, தூரமும் குறைவு, பிறகு ஏன் ரோஷாரின் வீரர்கள் படையெடுத்துப் போகவில்லை?

கட்டுச்சோறு எத்தனை நாளைக்கு வரும்? அவ்வளவுதான் விடை. புயல் ஒளி ரோஷாரின் பெரும்புயல் கொடுப்பது. கண்ணாடி உருண்டைக்குள் பதித்த ரத்தினக் கல்லில் அது தங்கும், ஆனால் ஒழுகிக்கொண்டே இருக்கும். சில நாளில் கல் இருண்டுவிடும். ஷேட்ஸ்மாரில் அதை மறுபடி நிரப்பக் கீழே எந்தப் புயலும் வீசுவதில்லை. ஓத்பிரிங்கரில் காலடின், ஷல்லான், அடோலின் கூட்டம் கோலினார் நகரில், ஊர் விட்டு ஊர் நொடியில் கொண்டு சேர்க்கும் சத்தியவாசல் வழியாகத் தப்பப் போய், எதிர்பாராமல் ஷேட்ஸ்மாருக்குள் விழுந்துவிடுகிறதே, அந்த அத்தியாயங்களைத் திரும்பப் புரட்டிப் பாருங்கள். வானத்தில் பறந்த காலடின் அங்கே கால்நடையாக நடக்கிறான். கையிருப்பு ஒளியைக் காசு எண்ணுவதுபோல எண்ணுகிறார்கள். அங்குள்ள ஊரில் ஒளி நிறைந்த உருண்டைக்குத் தனி மதிப்பு, மாற்றிக் கொடுக்கக் கடை வேறு. குறையே இல்லாத ரத்தினம் என்றால் ஒளி ஒழுகாது, ஆனால் அப்படிப்பட்ட கல் ராஜாக்களிடமே ஒன்றிரண்டுதான் இருக்கும். கடைசியில் டலினார் திறந்த வாசல் வழியாகத்தான் அவர்களால் வெளியே வர முடிந்தது.

ஒழுகுவது ஒரு சிக்கல் என்றால் கட்டு இன்னொரு சிக்கல். புத்தகங்களில் கனெக்‌ஷன், ஐடென்டிட்டி என்று இரண்டு சொற்கள் அடிக்கடி வரும். தமிழில் பந்தம், அடையாளம் என்று வைத்துக்கொள்ளலாம். ரேஷன் அட்டையை நினைத்துக்கொள்ளுங்கள்: அரிசி இருக்கிறது, பசியும் இருக்கிறது, ஆனால் அட்டை எந்தக் கடையில் பதிவாகியிருக்கிறதோ அங்கேதான் போடுவார்கள் என்று ஒரு காலம் இருந்ததே, அதுதான் பந்தம். அட்டையில் உள்ள கைரேகை உன்னுடையதுதானா என்று பார்ப்பது அடையாளம். புயல் ஒளி ரோஷாரோடு பந்தப்பட்டது. அங்குள்ள ஸ்ப்ரென்கள் எனும் உயிர்களும் அப்படியே. ரிதம் ஆஃப் வாரில் மிரேய்ஸ் என்பவன் ஷல்லானிடம் தங்கள் ரகசியக் கூட்டத்தின் நோக்கத்தை விளக்குவான்: புயல் ஒளியை ரோஷாருக்கு வெளியே கொண்டுபோக ஒரு வழி வேண்டும். இவ்வளவு எளிதாக ஊறிவரும் சக்தி வேறெங்கும் இல்லை, ஆனால் ஏற்றுமதி செய்ய முடியவில்லை. எண்ணெய்க் கிணறு இருந்தும் குழாய் இல்லாத நிலை. அந்தக் கூட்டத்தின் தலைவனாலும் தன் சொந்த உலகத்தை விட்டு வர முடியவில்லை என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். செத்த பிறகும் எண்ணத் தளத்தில் நிழலாகத் தங்கிவிட்டவனுக்குப் பந்தமே சங்கிலி.

எலான்ட்ரிஸ் கேள்விக்கு விடை இதைவிட அழகானது. செல் என்ற அந்தக் கிரகத்தில் பக்தி, ஆதிக்கம் என்ற இரண்டு ஷார்ட்கள் இருந்தன. வெறுப்பின் ஷார்டான ஓடியம் இரண்டையும் கொன்று சிதறடித்தது. சிதறிய சக்தி ஆன்மத் தளத்துக்குப் போயிருந்தால் அதற்கு இடம் என்ற ஒன்று இருந்திருக்காது, எங்கிருந்தும் இழுக்கலாம். ஆனால் அது எண்ணத் தளத்துக்குள் திணிக்கப்பட்டுவிட்டது. எண்ணத் தளத்தில் இடம் உண்டு. அதனால் அங்குள்ள மந்திரம் எல்லாமே இடத்தோடு ஒட்டிக்கொண்டது. ஏயான் எனும் மந்திர எழுத்துகள் அந்த நாட்டின் நில வரைபடத்தையே தங்கள் உருவில் வைத்திருப்பது அதனால்தான். நிலநடுக்கத்தில் ஒரு பெரும் பிளவு விழுந்ததும் எழுத்து பழைய நிலத்தோடு பொருந்தாமல் போய், ஒரே நாளில் எலான்ட்ரிஸ் நகரமே பாழானது. பத்து வருஷம் கழித்து அந்த நாட்டு இளவரசன் ராவோடன் என்ன செய்கிறான்? பிளவுக்கு ஈடாக ஒரே ஒரு கோடு சேர்க்கிறான். நகரம் எழுந்துவிடுகிறது. 2005-இல் படித்தவர்களுக்கு இது ஒரு புதிருக்கான விடை. பின்னால் வந்த விளக்கத்தோடு படிக்கிறபோதுதான், செத்துப்போன இரண்டு கடவுள்களின் சடலம் அந்த நிலத்தடியில் அழுந்திக் கிடப்பதால் வந்த வினை இது என்று தெரிகிறது. செல்லை ஒட்டிய ஷேட்ஸ்மார் பகுதி பயணிகளுக்கு மிக ஆபத்தானது என்பதற்கும் காரணம் அதே நெரிசல்தான்.

அந்த நாவலிலேயே பயணத்துக்கு ஓர் ஏயான் உண்டு, டியா. ஆளை நொடியில் வேறிடத்துக்கு அனுப்பும். ஆனால் திசையும் தூரமும் துல்லியமாக எழுத வேண்டும். இறுதிக் கட்டத்தில் கடல் தாண்டிய டியோட் நாட்டுக்குப் போயாக வேண்டும், தூரம் யாருக்கும் தெரியாது. எந்நேரமும் எண்களையே முணுமுணுத்துக்கொண்டு, வீட்டார்கூடப் பெரிதாகக் கவனிக்காத ஏடியன் என்ற இளைஞன் அந்தத் தூரத்தை அடிக்கணக்கில் சொல்கிறான். எத்தனை முறை படித்தாலும் அந்தப் பக்கத்தில் எனக்கு நெஞ்சு அடைக்கும். சாண்டர்சன் 2007-இல் எழுதிய தன் முதல் விதியில், வாசகனுக்கு மந்திரம் எவ்வளவு புரிந்திருக்கிறதோ அவ்வளவுக்குத்தான் அதை வைத்து ஒரு சிக்கலைத் தீர்க்கலாம் என்கிறார். அந்த விதிக்கு உதாரணம் கேட்டால் நான் ஏடியனைத்தான் காட்டுவேன்.

எல்லா சக்தியும் இப்படிக் கட்டுப்பட்டதா என்றால், இல்லை. அலோமன்ஸி தப்பிவிடுகிறது. இரும்பையோ தகரத்தையோ விழுங்கி எரிக்கும்போது சக்தி உலோகத்திலிருந்து வருவதில்லை. உலோகம் வெறும் சாவி. கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பது ஆன்மத் தளத்தில் உள்ள காப்பின் சக்தி. அங்கே தூரமே இல்லை என்று சொன்னேனே, அதனால் எல்லா உலோகத்தையும் எரிக்க வல்ல மிஸ்ட்பார்ன் ஒருவர் எந்தக் கிரகத்தில் நின்றாலும் வயிற்றில் சரியான உலோகம் இருந்தால் போதும். மிஸ்ட்பார்ன் தொடரின் முதல் நாவலில் லுதாடெல், ஃபெல்லிஸ் என்ற ஊர்களுக்கு நடுவே தரையில் நட்டு வைத்த உலோகக் கம்பிகளைத் தள்ளியும் இழுத்தும் கெல்சியரும் வின்னும் பனியில் பாய்ந்து போவார்களே, அந்தப் பயண முறையை எந்த உலகத்திலும் அமைக்கலாம். கம்பியை யாராவது நட வேண்டும், அவ்வளவுதான்.

நல்திஸின் மூச்சும் நல்ல பயணி. ஒழுகாது, கெடாது, மனமுவந்து கொடுத்தால் ஒழிய கை மாறாது. ரோஷாரில் வாள் பயிற்சி தரும் ஸாஹெல் உண்மையில் நல்திஸ்காரர். செத்து மீண்டவர் என்பதால் அங்கே இருந்தால் அவருக்கு உயிர் தரிக்க வாரம் ஒரு மூச்சு வேண்டும். ரோஷாரில் புயல் ஒளியை வைத்தே ஓட்டிவிடுகிறார். வெளிநாட்டில் நிம்மதியாக செட்டிலான முதியவர் மாதிரி அவர் இருப்பதற்கு இதுவே காரணம். 2023-இல் வந்த 'த சன்லிட் மேன்' நாவலில் எல்லா உலகச் சக்தியையும் மூச்சுக் கணக்கில்தான் அளக்கிறார்கள். அலகாக மூச்சு வந்து நின்றது தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன். எந்தச் சந்தையிலும் செல்லும் நாணயம்தான் மற்றதற்கு அளவுகோல் ஆகும்.

பந்தத்தை வளைக்கவும் முடியும். 'த பேண்ட்ஸ் ஆஃப் மோர்னிங்' நாவலில் தெற்கு ஸ்காட்ரியல்காரர்கள் அணியும் பதக்கம் ஒன்று, அணிந்தவன் அந்த மண்ணிலேயே வளர்ந்தவன் என்று அவன் ஆன்மாவை நம்ப வைத்து, உள்ளூர் மொழியைப் பேச வைக்கிறது. மொழியை ஏமாற்றலாம் என்றால் ரேஷன் அட்டையையும் ஏமாற்றலாம் அல்லவா? 'த லாஸ்ட் மெட்டல்' நாவலில் செல்லின் சக்தியைத் தூய்மைப்படுத்தி ஒரு குடுவையில் அடைத்து ஸ்காட்ரியலுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். 'ட்ரெஸ் ஆஃப் த எமரால்ட் சீ'யில் செல்லிலிருந்து வெகு தொலைவில் ஒருத்தி ஏயான் வரைகிறாள். இதைப் பார்த்துவிட்டு ஆசிரியர் தன் விதியைத் தானே மீறிவிட்டார் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. விதி அப்படியே இருக்கிறது. அதைச் சுற்றிப் போக அந்த உலகத்து மனிதர்கள் வழி கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார்கள், காலமும் பல நூறு வருஷம் ஓடியிருக்கிறது. கனமான பொருள் கீழே விழும் என்ற விதியை விமானம் மீறவில்லையே.

இனி விண்கப்பல் காலம். நட்சத்திரங்களைத் தாண்டிப் போகும் தொழில்நுட்பம் ஸ்காட்ரியலின் உலோகக் கலையிலிருந்தே பிறக்கும் என்று சாண்டர்சன் பல வருஷங்களாகச் சொல்லிவருகிறார். எந்த உலோகம் என்று கேட்டால் 'ராஃபோ', படித்துத் தெரிந்துகொள்ளுங்கள் என்று அச்சடித்த அட்டையை நீட்டிவிடுவார். நேரத்தைச் சுருக்கியும் நீட்டியும் குமிழி போடும் கேட்மியம், பெண்டலாய் இரண்டும்தான் என்று ரசிகர்களில் பெரும்பாலோர் பந்தயம் கட்டுகிறார்கள். என் பந்தயமும் அதில்தான்.

எனக்கு அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. வெற்றிடத்தை யாரும் நினைக்காததால் ஷேட்ஸ்மாரில் அது சுருங்கிக் கிடக்கிறது என்று பார்த்தோம். கப்பல்கள் ஓடத் தொடங்கினால்? ஆயிரம் மாலுமிகள் அந்த இருட்டைத் தினமும் பார்த்து, வரைபடம் போட்டு, இடங்களுக்குப் பெயர் வைத்து, இன்னும் எத்தனை நாள் என்று கணக்குப் பார்த்தால்? அந்த வெற்றிடமும் ஷல்லான் பேசிய கப்பலைப் போலத் தன்னை அறியத் தொடங்கும். ஒவ்வொரு கப்பல் ஓடும்போதும் கீழே நடைபாதை கொஞ்சம் கொஞ்சமாக நீளும். ஹாய்ட் எத்தனையோ நூற்றாண்டாக நடந்த வழியில், ஒருநாள் ஒரு மூட்டைச் சோறு போதாமல் போகும்.